உப்பில்லா ஆடி

செவ்வந்தி இப்போது அனுப்பம்பட்டில் வாடகை வீட்டில் இருக்கிறாள். ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரம். மகள் பூவிழியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வசதி, பள்ளிக்கூடமும் பக்கத்தில். பூவிழி வளர்ந்துவிட்டாள். தன் மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்கிறாள். காய்ச்சல் வந்தால் எவ்வளவு கூட்டிப் போட வேண்டும் என்று அம்மாவைக் கேட்பதில்லை, அவளே சொல்கிறாள். நல்லதுதான். அதற்காகத்தானே இத்தனை பாடும். ஆனாலும் சில சாயங்காலங்களில், மகள் பாடப் புத்தகத்தில் தலை கவிழ்ந்திருக்கும்போது, செவ்வந்திக்கு அந்த ஆடி மாதம் நினைவுக்கு வரும். பயத்தோடு வர வேண்டிய நினைவு, ஏக்கத்தோடு வரும். அப்படி ஒரு மாதத்துக்கு யாராவது ஏங்குவார்களா என்று அவளுக்கே வெட்கமாக இருக்கும். என்ன செய்வது, அப்போது பூவிழி இடுப்பில் ஏறுவாள். இறக்கிவிட்டால் அழுவாள்.

அப்போது அவர்கள் ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற மணல்மேட்டுக் குப்பத்தில் இருந்தார்கள். கிழக்கே நடந்தால் கடல், மேற்கே நடந்தால் ஏரி. பழவேற்காட்டுக்குப் போகப் படகு. செவ்வந்தி தோணிரேவில் பிறந்தவள், ஏரித் தண்ணீரைப் பார்த்தே வளர்ந்தவள். கட்டிக்கொண்டு வந்த புதிதில் கடல் போடும் சத்தத்தில் அவளுக்குத் தூக்கம் வராது. பூவிழி பிறந்த பிறகு அந்தச் சத்தம் எப்போது காதில் விழாமல் போனது என்று யோசித்துப் பார்த்திருக்கிறாள். சரியாகத் தெரியவில்லை.

பூவிழி உப்பு திருடுவாள். அதுதான் அவளைப் பற்றிக் குப்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த முதல் விஷயம். பக்கத்து வீட்டில் செவ்வந்தியின் புருசன் இளவழகனின் அக்கா கஸ்தூரியம்மாள் கருவாடு போடுகிறவள். வாசலில் சிமெண்டுத் தொட்டி, அதற்குள் கல் உப்பும் கெழங்கான் மீனும் அடுக்கடுக்காக ஊறும். மத்தியானத்தில் கஸ்தூரியம்மாள் கண் அசரும் நேரம் பார்த்துப் பூவிழி தொட்டிக்குள் கை விடுவாள்.

"இன்னாடி கையில?"

"ஒண்ணுல்ல அத்தே."

"ஒண்ணுல்லாததுக்கு இன்னாத்துக்கு முதுவுக்குப் பின்னால போவுது? ஏ செவ்வந்தி, இவள எந் தொட்டியில பெத்துப் போட்டியா? ஊர்ல கீற புள்ளங்க சக்கரையத் திருடுது. இது உப்பத் திருடுது."

"மீன்காரன் பொண்ணு, வேற எத்த அண்ணி திருடுவா?" என்று செவ்வந்தி உள்ளேயிருந்து சொல்வாள். கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்வாள்.

மகள் கறுத்துக்கொண்டே வந்தபோதும் அப்படித்தான். விரல் மூட்டு கறுத்தது, முழங்கை கறுத்தது. மணலிலும் வெயிலிலும் கிடக்கிற பிள்ளை கறுக்காமல் என்ன செய்யும் என்றார்கள். சோர்ந்து சோர்ந்து படுத்தபோது வெயில் சோர்வு என்றார்கள். வாந்தி எடுத்தபோது இறால் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் கடற்கரையில் ஒரு காரணம் இருந்தது. கடைசியில், அந்த ஆடிக்கு முந்தின ஐப்பசியில், துவண்டு கிடந்தவளைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு ஓடினார்கள். அங்கே பெரிய டாக்டரம்மா பிள்ளையின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு கருநாவல் நிறத்தில் இருந்தது.

"வெயில்ல கறுத்துட்டான்னு சொல்றீங்க. வாய்க்குள்ள எப்படிம்மா வெயில் பட்டுச்சு?"

அந்தக் கேள்வியை இன்றைக்கும் செவ்வந்தி தனக்குள் கேட்டுக்கொள்வதுண்டு.

சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறதாம். உடம்பில் உப்பை நிறுத்தி வைக்கிறதும், காய்ச்சலோ அடியோ வந்தால் உடம்பைத் தாங்கிப் பிடிக்கிறதும் அது சுரக்கிற நீர்தானாம். பூவிழிக்கு அது வற்றிவிட்டது. உப்பு உள்ளே போகும், நிற்காது. அதனால்தான் பிள்ளை உப்பு உப்பு என்று அலைந்திருக்கிறாள். ஆயுசுக்கும் மாத்திரை. கூடவே உப்பு.

இளவழகன் இதைத் தன் போக்கில் புரிந்துகொண்டான். "கண்ணி பெருசாக்கீற வலையில காரப்பொடி மீனு நிக்குமா? அது மாரிதான்" என்று படகுத் துறையில் எல்லோருக்கும் சொன்னான். டாக்டரம்மா கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பார்.

அந்த ஆஸ்பத்திரியில் இப்படிச் சுரப்பி கெட்ட பிள்ளைகளைப் பற்றி ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. அதற்காகத் தேவதர்ஷினி என்ற பெண் குப்பத்துக்கு வந்தாள். படித்து முடித்து வந்த முதல் வேலை போலிருக்கிறது. படகிலிருந்து இறங்கும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது தெரியாமல், ஒன்றைத் தண்ணீரில் விட்டாள்.

"ஆராய்ச்சின்னா இன்னா மேடம்?" இளவழகன் நேராகவே கேட்டான். "எம் பொண்ண வெச்சு எதுனா புதுசா செஞ்சு பாப்பீங்களா?"

"இல்லண்ணா. மருந்து பழைய மருந்துதான். இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு எவ்ளோ உப்பு குடுக்கணும்னு புஸ்தகத்துல இருக்குது. ஆனா அது குளுரு தேசத்துக் கணக்கு. இந்த மாதிரி கடற்கரையில, இந்தப் புழுக்கத்துல வேர்த்து வடிய ஓடுற பிள்ளைக்கு அது பத்துமான்னு சரியாத் தெரியல. அதத்தான் பாக்கிறோம். வாரத்துக்கு ஒரு தடவ வருவேன். வேணாம்னு தோணினா நிறுத்திக்கலாம். நிறுத்தினாலும் வைத்தியம் நிக்காது."

"தெரியலன்னு டாக்டருங்களே சொல்றாங்களா?"

"ஆமாண்ணா. தெரிஞ்சா நான் எதுக்குப் படகேறி வந்து செருப்பத் தொலைக்கிறேன்?"

இளவழகனுக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஆளைக் கடலில் நம்பலாம் என்பது அவன் எண்ணம். செவ்வந்தியும் சரி என்றாள்.

வாரா வாரம் தேவதர்ஷினி வருவாள். பூவிழியைப் படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்ப்பாள். எழுந்து நிற்க வைத்து மறுபடியும் பார்ப்பாள். எடை, உயரம், என்ன சாப்பிட்டாள், எவ்வளவு தண்ணீர் குடித்தாள். அளந்து கட்டிய உப்புப் பொட்டலங்கள் கொடுப்பாள். ஒன்றைத் தண்ணீர் பாட்டிலில் கரைத்துப் பள்ளிக்கூடத்துக்கு, மற்றதைக் கஞ்சியிலும் சோற்றிலும். பிள்ளைக்கு அது மருந்து என்றே தோன்றவில்லை. திருடித் தின்றதை இப்போது எல்லோரும் கூப்பிட்டுக் கொடுக்கிறார்களே என்று அவளுக்கு ஒரே குஷி.

ஊசி போடக் கற்றுக்கொடுத்ததும் தேவதர்ஷினிதான். வாந்தி எடுத்து மாத்திரை தங்காமல் போனால் ஆஸ்பத்திரி போகிற வரைக்கும் உயிர் காத்திருக்காது, வீட்டிலேயே தொடையில் ஊசி போட வேண்டும். செவ்வந்தி முதலில் தலையணையில் குத்திப் பார்த்தாள். தலையணை சதை மாதிரி இல்லை. ஒருநாள் நல்ல கொழுத்த மடவை மீன் ஒன்றைப் பலகையில் கிடத்தி, வெறும் தண்ணீரை ஏற்றி அதன் முதுகில் குத்திப் பழகினாள். கஸ்தூரியம்மாள் வாசல்படியில் நின்று பார்த்தாள்.

"செத்த மடவைய எழுப்புறியாடி?"

"போ அண்ணி. கை பழவட்டும்னு."

"இல்ல, எழுந்தா சொல்லு. எங்கிட்ட நசநசன்னு போன கூடை ஒண்ணு கீது. அதுக்கும் ஆளுக்கொரு ஊசி போட்டுடு."

தேவதர்ஷினி சிரித்த சிரிப்பில் அவள் கழுத்து அட்டை மணலில் விழுந்தது. அன்றைக்கு அந்த மடவையைக் குழம்பு வைத்து, அவளையும் உட்கார வைத்துச் சாப்பிட்டார்கள். ஊசி பட்ட துண்டு யாருக்கு வந்தது என்று பூவிழி ஒவ்வொரு தட்டாக எட்டிப் பார்த்தாள்.

இப்படியே போயிருந்தால் சொல்ல ஒன்றுமில்லை. ஆடி வந்தது.

ஐப்பசியில் மகளைத் தூக்கிக்கொண்டு ஏரியைக் கடந்தபோது இளவழகன் படகில் வேண்டிக்கொண்டான். மடியில் பிள்ளை கண் செருகிக் கிடந்தாள். கங்கையம்மன் கோயில் இருந்த திக்கைப் பார்த்து, தாயே இவ பொழைச்சா வர்ற ஆடிக்குக் காப்பு கட்டிக்கிறேன், கூழ் ஊத்துற வரைக்கும் நாங்க மூணு பேரும் நாக்குல உப்பு வெக்க மாட்டோம் என்று வாய்விட்டுச் சொன்னான். காப்புக் கட்டியவன் வீட்டில் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை வரை உப்பில்லாமல் சாப்பிடுவது அங்கே வழக்கம்தான். அன்றைக்கு அந்தப் படகில் இருந்த யாருக்கும் பிள்ளைக்கு என்ன வியாதி என்று தெரியாது. தெரிந்திருந்தால் வேறு எதையாவது விடுவதாகச் சொல்லியிருப்பான்.

"பாப்பாவுக்கு மட்டும் கூடவே கூடாதுக்கா" என்றாள் தேவதர்ஷினி, ஆடி நெருங்கியதும் செவ்வந்தி போனில் வேண்டுதலைச் சொன்னபோது. "அவளுக்கு உப்பு சாப்பாடு இல்ல. மருந்து."

செவ்வந்தி அன்று மாலை புருசனிடம் பேச்சை எடுத்தாள். இளவழகன் வலைக்குத் தக்கை கட்டிக்கொண்டிருந்தான்.

"இந்தாய்யா, பொண்ணுக்கு உப்ப நிறுத்த முடியாது. தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்ப இன்னா பண்ணப் போற?"

"மூணு பேருன்னு சொல்லிட்டேன் செவ்வந்தி. மடியில அவள வெச்சுக்கினு சொன்னேன். பொழைச்சு வந்தப்புறம் அவள மட்டும் கழிச்சுக்கோன்னா, ஏமாத்துற மாரி இல்ல?"

"டாக்டரம்மாதான் பொழைக்க வெச்சாங்க."

"இல்லேன்னு சொல்லல. அந்த டாக்டரம்மா கைக்குப் போற வரைக்கும் படகுல, பஸ்சுல அவ மூச்ச நிறுத்தி வெச்சது யாரு? நீயா, நானா?" தக்கையைக் கீழே வைத்தான். "நான் கடலுக்குப் போறவன்டி. அங்க போயி யாருகிட்ட கணக்கு பேசறது?"

அவன் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. அதனால் செவ்வந்தியால் சண்டை போட முடியவில்லை. சண்டைக்குப் பதிலாக அவனை எழுப்பி, காப்புக் கட்டிவிடும் சுப்பராயலுவிடம் கூட்டிக்கொண்டு போனாள். இளவழகனுக்குப் பெரியப்பா முறை. படகு எஞ்சினைப் பிரித்துப் போட்டு, எந்தத் திருகு எங்கே மாட்டுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். மகளும் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போனாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒரு கேள்விதான் கேட்டார். "வேண்டுதல் சொன்ன வாயி யாருது?"

"என்னுது பெரிநைனா."

"கொழந்த வாயத் தொறந்து சொல்லிச்சா?"

"அதுக்கு ஏது நெனவு?"

"அப்ப உட்டுடு. சொல்லாத வாயில அம்மா கணக்கு கேக்க மாட்டா. நீயும் உம் பொண்டாட்டியும் ஒயுங்கா இருங்க, போதும்." திருகு ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இது எங்கருந்து வந்துச்சுன்னு தெரியுதாடா உனக்கு?"

இளவழகன் முகம் தெளிந்துவிட்டது. உட்கார்ந்து எஞ்சினை மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தான். பூவிழி அங்கேதான் நின்றிருந்தாள். பெரியவர்கள் பேச்சைப் பிள்ளை காது கொடுத்துக் கேட்டிருப்பாள் என்று யாரும் நினைக்கவில்லை.

காப்புக் கட்டியாயிற்று. மஞ்சள் துண்டு முடிந்த கயிறு இளவழகனின் மணிக்கட்டில் ஏறியது. உப்பில்லாத கஞ்சி தொண்டையில் இறங்காது, நாக்கிலேயே உட்கார்ந்திருக்கும். கத்தரிக்காயை வேக வைத்துக் காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டால் காரம் மட்டும் தனியாக நின்று எரிக்கும். முதல் இரண்டு நாள் சிரிப்பாக இருந்தது.

"அக்கா, ஒரு சந்தேகம்" என்பான் இளவழகன் கஸ்தூரியம்மாளிடம். "அலையில நிக்கிறப்ப உப்புத் தண்ணி வாயில பூந்துடுது. அது சேருமா?"

"துப்பிடு."

"துப்பறதுக்குள்ள உள்ள போயிடுதே?"

"அப்ப வாய மூடிக்கினு வலைய இயு. உம் பேச்சு கேக்காம மீனாச்சும் நிம்மதியா வரும்."

பூவிழிக்குத் தனியாக ஒரு கிண்ணம், தனியாக உப்புப் பொட்டலம். "நானே போட்டுக்கிறேன்யம்மா" என்று வாங்கிக்கொண்டு அடுப்பங்கரைப் பின்பக்கம் போய் உட்கார்ந்து சாப்பிடுவாள். அப்பா அம்மா எதிரில் உப்புப் போட்டுச் சாப்பிடப் பிள்ளைக்குச் சங்கடமாக இருக்கிறது போலும் என்று செவ்வந்தி நினைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்து பாட்டில் தினமும் காலியாகத்தான் வந்தது. உப்பைத் திருடிப் பழகிய பிள்ளையை உப்பு தின்கிறாளா என்று யார் நின்று பார்ப்பார்கள்? மாத்திரையை மட்டும் செவ்வந்தி தன் கையால் போட்டு, தண்ணீர் குடிக்க வைத்து, பிறகுதான் அடுத்த வேலைக்குப் போவாள்.

அந்த வாரம் தேவதர்ஷினி வந்தபோது ஆடிக் காற்று மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தது. மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று, வேர்வை மேலே நிற்காமல் உலர்ந்துவிடும், உடம்பெல்லாம் காந்தும். பூவிழியைப் படுக்க வைத்துப் பார்த்தாள். எழுந்து நிற்கச் சொன்னாள். நின்றதும் பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டாள். தேவதர்ஷினி முகம் மாறியது. கருவியைக் கழற்றித் தன் கையில் கட்டிப் பார்த்தாள், செவ்வந்தி கையிலும் கட்டிப் பார்த்தாள். கருவியில் தப்பில்லை.

"அக்கா, மாத்திரை விட்டுப்போச்சா?"

"இல்ல மேடம். என் கையாலதான் போடுறேன்."

"உப்பு?"

"ஒரு பொட்டலம் கூட மீதியில்ல. வேணா பாத்துக்கோ."

செவ்வந்தி பொய் சொல்லவில்லை. கொடுத்ததைத்தான் சொன்னாள். தேவதர்ஷினி வாசலில் நின்று டாக்டரம்மாவுடன் நெடுநேரம் பேசினாள். உப்பு எல்லாம் உள்ளே போயும் அழுத்தம் குறைகிறது என்றால் இந்த வெயிலுக்கு அளவு பத்தவில்லை, இன்னொரு பொட்டலம் கூட்டுங்கள், திங்கட்கிழமை ரத்தம் எடுக்கக் கூட்டி வாருங்கள், அதற்குள் சோர்ந்தாலோ வாந்தி எடுத்தாலோ ஒரு நிமிஷமும் காத்திருக்கக் கூடாது என்று பதில் வந்தது. அவர்கள் கணக்கில் தப்பில்லை. போட்ட கணக்குத்தான் வேறு பிள்ளையுடையது.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. மறுநாள் கூழ். பெண்கள் எல்லோரும் கஸ்தூரியம்மாள் வாசலில் கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். இளவழகன் ஏரியில் இருந்தான். ஏரியில் பாடு முறை உண்டு, யார் எந்த இடத்தில் எந்த நாள் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டுப் பிரித்திருப்பார்கள். அன்றைக்கு அவன் பாடு. விட்டால் மறுபடி அந்த இடம் சுற்றி வர நாளாகும்.

செவ்வந்தி கை கழுவ வீட்டுக்கு வந்தபோது பூவிழி சுவரோரம் சாய்ந்திருந்தாள். காலடியில் வாந்தி. காலையில் போட்ட மாத்திரை அதில் வெள்ளையாகக் கிடந்தது. இன்னொன்றைக் கொடுத்தாள். அதுவும் வெளியே வந்தது.

"கண்ணு. தா பாரு. யம்மாவப் பாரு."

பிள்ளை பார்த்தாள். ஆனால் பார்வை செவ்வந்தியின் முகத்துக்கு வந்து சேரவில்லை. கை கால் சில்லென்று இருந்தது.

"அண்ணி!"

கஸ்தூரியம்மாள் மாவுக் கையோடு ஓடி வந்தாள். செவ்வந்தி மாடத்திலிருந்து டப்பாவை எடுத்தாள். பொடி மருந்து, அதற்குச் சேர்க்கிற தண்ணீர், சிரிஞ்சு. தேவதர்ஷினி சொன்ன வரிசையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தாள். மூடியை அமுக்கு. குலுக்கு. தெளியட்டும். இழு. காற்றை வெளியே தள்ளு. சரியாகத்தான் செய்கிறேனா என்ற சந்தேகம் ஒவ்வொன்றுக்கும் வந்தது. வந்தபோதெல்லாம் மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொண்டாள்.

"கால அசையாமப் பிடி அண்ணி."

"புடிச்சுகினேன். குத்துடி."

"தப்பாப் போட்டா?"

"மடவைக்குப் போட்ட இல்ல? இது உம் பொண்ணு. அத விட நல்லாவே போடுவ. குத்து."

குத்தினாள். மீனின் சதை வேறு, மகளின் தொடை வேறு. அந்தத் தொடை அத்தனை மெல்லிசாக இருந்தது அவளுக்கு அப்போதுதான் கண்ணில் பட்டது. பூவிழி அழவில்லை. அழாததுதான் செவ்வந்தியைக் கொன்றது.

கஸ்தூரியம்மாள் தம்பிக்குப் போன் போட்டாள். இளவழகன் கட்டிய வலையைக் கட்டியபடியே ஏரியில் விட்டுவிட்டு வந்தான். படகில் பாதி தூரம் போனபோது மகள் உதடு லேசாக அசைந்தது. பழவேற்காட்டில் ஆட்டோ, பொன்னேரியில் ஆம்புலன்ஸ். காப்புக் கட்டியவன் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பதை வழியில் அவனும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. திருப்பாலைவனம் தாண்டும்போது நடவு வயலில் தண்ணீர் பளபளத்தது. இளவழகன் அதைப் பார்க்கவில்லை, மகளின் மூக்குக்கு நேரே புறங்கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

ஊசி போடாமல் கிளம்பியிருந்தால் வந்து சேர்ந்திருக்க மாட்டாள் என்று டாக்டரம்மா சொன்னார். செவ்வந்தி அதைக் கேட்டுவிட்டு வராந்தாவில் போய் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலையில் பூவிழி கண்ணைத் திறந்து, கையில் சொட்டுச் சொட்டாக இறங்கும் சலைனைப் பார்த்தாள். தேவதர்ஷினி ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் வந்திருந்தாள். இனி மாத்திரையும் சாப்பாடும் வாய் வழியே போனால்தான் சலைனை நிறுத்தலாம் என்று சொல்லி, நர்ஸ் ஒரு கிண்ணத்தில் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். செவ்வந்தி ஒரு கரண்டி எடுத்தாள். பூவிழி உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"ஒரு வாய் கண்ணு."

"உப்பு போட்டுக்கீதா?"

"போட்டுக்கீது. நெறைய போட்டுக்கீது."

"அப்ப வேணாம்."

செவ்வந்தி கரண்டியை அந்தரத்தில் நிறுத்தினாள். "உனக்கு உப்புன்னா உசுராச்சேடி?"

பிள்ளை மெதுவாகச் சொன்னாள். "நான் வாயால சொல்லிட்டேன்யம்மா. காப்பு கட்டன அன்னிக்கு. கோயில் பின்னால போயி சொல்லிட்டேன். நானும் வெக்க மாட்டேன்னு."

"எதுக்குடி சொன்ன?"

"நைனா மூணு பேருன்னு சொல்லிச்சு இல்ல? ரெண்டு பேரு மட்டும் இருந்தா கங்கையம்மா கோச்சுக்கினு நைனாவ கடல்ல இஸ்துக்கினா? தாத்தா சொன்னாரு இல்ல, வாயத் தொறந்து சொன்னாதான் கணக்குன்னு. அதான் சொன்னேன்."

"பொட்டலமெல்லாம்?"

"மணல்ல கொட்டி மூடிட்டேன். ஸ்கூலு பாட்டில கொழாயாண்ட கொட்டிட்டேன். ரொம்ப ஆசையாதான் இருந்துச்சு."

தேவதர்ஷினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். செவ்வந்திக்கு அவளைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"உன் ஆராய்ச்சியக் கெடுத்துட்டோம் மேடம்."

"கெடலக்கா." தேவதர்ஷினி மூக்கை உறிஞ்சினாள். "உப்பு குடுத்தீங்களான்னு உங்களத்தான் கேட்டேன். சாப்பிட்டியான்னு பாப்பாவ ஒரு வாட்டியாவது கேட்டிருக்கணும். இனிமே எல்லா வூட்லயும் பிள்ளைங்களையும் கேப்போம். வேண்டுதல் எதுனா இருக்குதான்னும் கேப்போம்."

கட்டிலின் கால்மாட்டில் இளவழகன் நின்றிருந்தான். நேற்றிலிருந்து அவன் பச்சைத் தண்ணீர்தான் குடித்திருந்தான். செவ்வந்தி அவன் பக்கம் போய்த் தணிந்த குரலில் சொன்னாள்.

"ஊர்ல மத்தியானம் கூழ் ஊத்திடுவாங்க. ஊத்திட்டா வேண்டுதல் முடிஞ்சிடும். அது வரைக்கும் சலைன் ஓடட்டும். அப்புறம் உனுக்கும் பாவமில்ல, அவளும் துன்னுடுவா."

அவன் கொஞ்ச நேரம் மணிக்கட்டுக் கயிற்றைத் திருகிக்கொண்டிருந்தான். பிறகு தலையை ஆட்டினான்.

"மத்தியானம் வரைக்கும்னு உட்டா, நாம வேண்டிக்கினதாலதான் நைனா உசுரோட கீதுன்னு வெச்சுக்குவா செவ்வந்தி. அடுத்த ஆடிக்கு நமக்குத் தெரியாம இன்னொண்ணு வேண்டிக்குவா."

கட்டிலில் மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். கிண்ணத்தையும் கரண்டியையும் செவ்வந்தியின் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

"தா பாரு பூவு. நல்லாப் பாத்துக்கோ."

"வேணாம் நைனா."

"வேண்டிக்கினது நானு. நிறுத்தறதும் நானு. எதுனா கேக்கறதுனா கங்கையம்மா என்னிய கேக்கட்டும். நீ இதுல இல்ல."

கரண்டி நிறையக் கஞ்சியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டான். போட்டுக்கொண்டவன் கண்ணை மூடினான். இத்தனை நாள் கழித்து உப்பு பட்ட நாக்கு அவன் சொல் கேட்கவில்லை, எச்சில் ஊறித் தாடை தானாக அசைந்தது. பூவிழி அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முயுங்கு."

முழுங்கினான்.

"வாயத் தொற."

திறந்தான். அவள் சலைன் ஏறாத கையை ஊன்றி எம்பி, நாக்குக்கு அடியில், இரண்டு கன்னத்துக்குள், ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். பொறுமையாகப் பார்த்தாள். அவனும் பொறுமையாகத் திறந்து காட்டிக்கொண்டிருந்தான். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி அவன் மீசைக்குள் போனது.

பார்த்து முடித்ததும் பூவிழி தலையணையில் சாய்ந்து, அம்மாவைப் பார்த்து வாயைத் திறந்தாள்.